வடசென்னையிலிருந்து முதல் ட்ரெக்கிங்: வனத்துறை அனுமதி வாங்குவது, பாதை தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

ட்ரெக்கிங் போக ஆசைப்படும் எங்கள் தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் முதலில் கேட்பது ஷூவைப் பற்றித்தான். அடுத்து பை. அனுமதியைப் பற்றிக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அனுமதிச் சீட்டில் இருக்கும் பெயர்ப் பட்டியலை நான் வெறும் காகிதமாகப் பார்ப்பதில்லை. மேலே ஏதாவது ஆனால் எத்தனை பேரை, எந்தப் பாதையில் தேட வேண்டும் என்று சொல்லப்போவது அந்தப் பட்டியல்தான்.

1. அது யாருடைய காடு?

மலையை முடிவு செய்ததும் இதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான மலைச்சரிவுகள் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் இருக்கும் நமக்கு தடா அருவி பக்கம். ஆனால் அது ஆந்திர வனத்துறையின் கையில் இருக்கிறது. இங்கே வாங்கிய அனுமதி அங்கே செல்லாது. அவர்கள் செக்போஸ்டில் கட்டணம் கட்டி, அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

இன்னொரு குழப்பம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருக்கிறது. அது ஊருக்குள் வண்டி போவதற்கு மட்டும்தான். காட்டுக்குள் நடக்க அனுமதி தனியாக வேண்டும்.

2. அனுமதி

புதியவர்களுக்கு நான் சொல்வது ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளம். வனத்துறை 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் இது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள். எளிதிலேயே தொடங்குங்கள். தேதியைத் தேர்ந்தெடுத்து, எல்லோருடைய பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடியே போட்டு, பணம் கட்டினால் அனுமதி, வழிகாட்டி இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். வழிகாட்டிகள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள், பழங்குடியினர்.

பட்டியலில் இல்லாத பாதை என்றால் அந்த வனக்கோட்டத்தின் மாவட்ட வன அலுவலருக்கு எழுதிக் கேட்க வேண்டும். முதல் தடவையே அந்த வேலை வேண்டாம். “எனக்கு வனக்காப்பாளரைத் தெரியும், வாய்மொழியா சொல்லிட்டேன்” என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

தேதி பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வழக்கமாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ காலம், பாதைகளை மூடிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரி நமக்குத் தோதான மாதங்கள்.

3. பாதை தொடங்கும் இடம்

வடசென்னைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் பாதை திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகை. பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போன் வரைபடத்தில் ‘குடியம் குகை’ என்று தேடினால் புள்ளி குகையின் மேல் விழும். நீங்கள் போய்ச் சேர வேண்டியது நடை தொடங்கும் இடத்துக்கு. நான் முதல் தடவை அந்தப் புள்ளியை நம்பிப் போய் ஒரு மாந்தோப்புக் கம்பிவேலி முன்னால் நின்றேன். வரைபடத்தில் குகை பக்கத்திலேயே தெரிந்தது, நடுவில் முழுக்க முள்காடு. சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. மற்ற ஐந்து பேரும் வெயிலில் காத்திருந்தார்கள்.

அதனால் முன்பதிவுச் செய்தியில் கூடும் இடம் என்று எது இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே வழிகாட்டிக்கு போன் போட்டு, “அண்ணா, எந்தக் கோயில், எந்தக் கடை பக்கத்துல நிக்கணும்?” என்று கேளுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். அனுமதிச் சீட்டைக் காகிதத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. போய்ச் சேர்வது

பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்களுக்கு திருவள்ளூர் ரயில் நேராகவே இருக்கிறது. எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என்றால் மூர் மார்க்கெட் ரயிலில் ஏறி பேசின் பிரிட்ஜில் மாறிக்கொள்ளுங்கள். திருவள்ளூரிலிருந்து பூண்டிக்கு பஸ் உண்டு. அதற்கு மேலே ஆட்டோதான், திரும்பி வருவதற்கும் அப்போதே பேசிவிடுங்கள்.

5. அன்றைக்கு

அசல் அடையாள அட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். குகை விதானத்தில் பெரிய பெரிய தேனடைகள் தொங்கும், அங்கே சத்தமும் கூடாது.

குகைக்குள் நின்று சுவரைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். மணற்பாறைக்குள் கூழாங்கற்கள் முந்திரிப் பருப்பு மாதிரி பதிந்திருக்கும். விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும், எப்போதோ ஆற்றில் உருண்ட கற்கள். இந்த வட்டாரத்தில்தான் கற்கால மனிதர்கள் கல்லுடைத்துக் கருவி செய்தார்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. தரையில் அழகான கல் கிடந்தால் போட்டோ எடுங்கள், பையில் போடாதீர்கள்.

இறங்கியதும் வழிகாட்டி தலையை எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும் வரை யாரும் டீக்கடைக்குப் போகக் கூடாது.