பாப்பாரப்பட்டிக்கு மண் எடுத்துப் போகுமுன்

கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு நம் பக்கம் இரண்டு வாசல்கள் உண்டு. தர்மபுரியில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், கிருஷ்ணகிரியில் காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் ஆராய்ச்சி நிலையம். பையூர் 2 கொள்ளு அங்கே உருவானதுதான். யோசனை கேட்கப் போகிறவர் கையில் மண் பரிசோதனை முடிவு இருந்தால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வரும்.

ஆய்வகத்துக்குப் போவது அரைக் கிலோ மண். அதை எடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

அறுவடை முடிந்து, அடுத்த உழவுக்கு முன் எடுங்கள். உரம் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குப்பை கிடந்த இடம், வாய்க்கால் கரை வேண்டாம். மேட்டுச் செம்மண்ணையும் பள்ளத்துக் கருமண்ணையும் கலக்காதீர்கள். இரண்டும் தனித்தனி மாதிரி.

ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடம், வளைந்து வளைந்து நடந்து தேர்ந்தெடுங்கள். மேலே கிடக்கும் சருகை மட்டும் விலக்குங்கள், மண்ணைச் சுரண்ட வேண்டாம். 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்குச் சீவி பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். துத்தநாகம் பூசிய தகர வாளி கூடாது. நுண்ணூட்டக் கணக்கே மாறிவிடும். எல்லாவற்றையும் சுத்தமான துணியில் பரப்பி நான்கு பங்காக்கி, எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். பழைய யூரியா சாக்கில் கட்டினால் ஆய்வகம் சாக்கைத்தான் சோதிக்கும்! பெயர், ஊர், சர்வே எண், போன பயிர், அடுத்த பயிர், பாசனமா மானாவாரியா என்பதைச் சீட்டில் எழுதி வையுங்கள்.

மாந்தோப்பு என்றால் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக மூன்று பைகள்.

முடிவு வந்ததும் அளவு ஏக்கருக்கா ஹெக்டேருக்கா என்று முதலில் பாருங்கள். இதைக் கவனிக்காமல் இரண்டரை மடங்கு உரம் கொட்டியவர்கள் உண்டு. அடுத்து, அதிலுள்ளது சத்தின் எடை. உரத்தின் எடை அல்ல. பாசன ராகிக்குப் பொதுவான பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 60:30:30 கிலோ. ஏக்கருக்குத் தழை 24, மணி 12, சாம்பல் 12 கிலோ. மணிச்சத்துக்கு, தழையும் மணியும் சேர்ந்த உரமான டிஏபி 26 கிலோ போதும். அதிலேயே தழைச்சத்து நாலே முக்கால் கிலோ வந்துவிடுவதால் யூரியா 42 கிலோதான். பொட்டாஷ் 20 கிலோ. டிஏபியில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் பத்துக் கிலோ யூரியா வீண், கதிரும் சாயும். மண்ணில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருப்பதாகக் காட்டினால் டிஏபி மூட்டையைக் குறைப்பது பற்றி நிலையத்தில் கேளுங்கள். பெரிய மிச்சம் அங்கேதான்.

போகிற வழியில் போர் தண்ணீரும் ஒரு லிட்டர் கொண்டு போகலாம். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். ஆனால் பாசன நீர்ச் சோதனையில் பார்ப்பது உப்புத்தன்மையும் காரத்தன்மையும்தான். தர்மபுரித் தண்ணீர் என்றாலே நினைவுக்கு வரும் ஃபுளோரைடு அதில் தெரியாது. குடிக்கிற தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தனி பாட்டில் கொடுங்கள்.