ஓடும் செயின்சாவை வீசிப் பிடிக்கப் பழகுதல்

செயின்சாவை வைத்து ஜக்ளிங் செய்கிறவர்கள் மேடையில் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: ரம்பம் காற்றில் சுழலும்போது இன்ஜின் மட்டுமே ஓடுகிறது, சங்கிலி ஓடுவதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜினின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுகளாகக் குறைந்து, இன்ஜினைச் சங்கிலியோடு இணைக்கும், மையவிலக்கு விசையால் இயங்கும் கிளட்ச் விலகிக்கொள்வதால், உறுமல் தொடர்ந்தாலும் சங்கிலி நின்றுவிடும். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், மெல்லிய சவ்வைக் கொண்ட டயாஃப்ரம் வகையைச் சேர்ந்தது என்பதால், ரம்பம் தலைகீழாகப் புரண்டாலும் இன்ஜின் அணைவதில்லை.

இதை மட்டும் நம்பி யாரும் வீசத் தொடங்கிவிடக் கூடாது. தவறுதலாக ஆக்சிலரேட்டர் அழுந்தாமலிருக்கப் பின்கைப்பிடியின் மேற்புறத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. ஆனால் விழுகிற ரம்பத்தை எட்டிப் பிடிக்கும் கை இறுகும்போது உள்ளங்கை பூட்டையும் விரல்கள் ஆக்சிலரேட்டரையும் ஒரே பிடியில் அழுத்திவிடும். ஆகவே ஆக்சிலரேட்டர் இணைப்பை மெக்கானிக்கிடம் கொடுத்துத் துண்டித்துவிட வேண்டும். கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் குறைந்த வேகத்திலும் சங்கிலி மெல்ல நகரும் என்பதால், சங்கிலியையும் கழற்றிவிடுவதே என் பரிந்துரை. சத்தமும் புகையும் போதாதா, கூட்டத்தை மிரட்ட?

பயிற்சி மூன்று பந்துகளில் தொடங்குகிறது. கையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரம் வீசினால் பந்து திரும்பி வர ஒரு விநாடி ஆகும்; அந்தத் தாளம் கைக்குப் பழகியபின், கைப்பிடியுள்ள ஜக்ளிங் கட்டைகளுக்கு மாறலாம். ஒரு முழுச் சுற்றில் கைப்பிடி மீண்டும் கைக்கு வரும்படி வீசும் பழக்கத்தைக் கட்டைகளே தரும்.

அதன் பிறகே ரம்பம், அதுவும் எரிபொருளும் சங்கிலியும் இல்லாமல். சிறிய ரம்பமே மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். எடை இன்ஜின் பக்கம் குவிந்திருப்பதால், அதைச் சுற்றி, சங்கிலியைத் தாங்கும் நீண்ட பட்டை அகன்ற வட்டமாக வீசிச் சுழலும். முகத்தை விட்டு விலக்கி வீச வேண்டும். மணலிலோ புல்தரையிலோ நின்று, பிடிப்பதற்கு முன்பாக விட்டுவிடப் பழக வேண்டும்: வீச்சு கோணலானால் கை நீட்டாமல் இரண்டடி பின்வாங்கி, ரம்பத்தைத் தரையில் விழவிடுவதை வேண்டுமென்றே பலமுறை செய்து பார்ப்பது அவசியம்.

இன்ஜினோடு வீசும் நாளில் எரிபொருள் கொஞ்சமாக இருக்கட்டும், மூடி இறுகியிருக்கட்டும். சைலன்சர் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறுவதால், தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் காதடைப்பானும் வேண்டும். கனடாவின் இயன் ஸ்டீவர்ட் 2011-இல் மூன்று ரம்பங்களை 94 முறை பிடித்துச் சாதனை படைத்தார். புதியவருக்கு இரண்டு பந்துகளுடன் ஒரு ரம்பமே போதும். இன்ஜினை நிறுத்தத் தெரிந்த ஒருவர் எட்டி நிற்க, பார்வையாளர் யாரும் இல்லாத இடத்தில் ஒரே ஒரு வீச்சோடு முதல் நாளை முடித்துக்கொள்ளலாம்.