கல்யாண மண்டபத்துக்குள் ட்ரோன் ஓட்டும்போது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கூரைக்குக் கீழே ஜிபிஎஸ்ஸை நம்பக்கூடாது. ட்ரோன் தன் வயிற்றுக் கேமராவால் தரையைப் பார்த்துத்தான் ஓரிடத்தில் நிற்கும். அதனால் தரையைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். ஒருமுறை பளபளக்கும் வெள்ளை டைல்ஸ்மேல் ஏற்றினேன், விளக்கும் மங்கல். மெல்ல நழுவிப்போய் மணவறைப் பூச்சரத்தில் மாட்டிக்கொண்டது. மணப்பெண்ணின் அம்மா முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போதெல்லாம் கோடுபோட்ட ஜமக்காளம் விரித்து, எல்லா விளக்கையும் போட்ட பிறகே கிளப்புகிறேன்.

அடுத்தது, ரிமோட் சிக்னல் அறுந்தால் ‘வீடு திரும்பு’ (கிளம்பிய இடத்துக்கே வா) என்றிருக்கும் அமைப்பை ‘அந்தரத்தில் நில்’ என்று மாற்றுங்கள். ஜன்னலோரம் கொஞ்சம் ஜிபிஎஸ் கிடைத்தாலும், திரும்புவதற்காக உயரே ஏறிக் கூரையில் மோதிவிடும்.

இறக்கைக் காப்பு கட்டாயம். வேகத்தை மிகக் குறைந்த நிலையில் வையுங்கள். மின்விசிறி, ஏசி அணைத்திருக்கட்டும். கூரையை ஒட்டிப் போகாதீர்கள். அங்கே ட்ரோன் மேல்நோக்கி இழுபடும். நழுவினால் பதறாமல் எதிர்ப்பக்கம் ரிமோட்டின் குச்சியை லேசாகத் தள்ளினால் போதும்.

ஆட்களின் தலைக்குமேல் நான் ஓட்டுவதே இல்லை. விருந்தினர் வருமுன், காலியான மண்டபத்தில் எடுத்து முடித்துவிடுவேன்.