கேவியர் டப்பாவில் செய்யக்கூடாதவை

மூணாறு, தேக்கடி விடுதிச் சமையற்கட்டுகளில் போடி, கம்பம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். மீன்சினை அவர்களுக்குப் புதிதல்ல. கழுவி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் முடிந்தது. ஸ்டர்ஜன் மீனின் உப்பிட்ட சினையான கேவியரைக் கெடுப்பது அந்தக் கைப்பழக்கம்தான். அது சல்லடையில் பிரித்து, அலசி, உப்பிட்டே வருகிறது. மறுபடி தண்ணீர் காட்டினால் உப்பு இறங்கி ருசி போகும். சூடு பட்டால் முட்டை வெளுத்து, இறுகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு ஃப்ரீசர். உறையும்போது வளரும் ஐஸ் படிகங்கள் முட்டையின் மெல்லிய தோலைக் கிழிக்கும். உருகியபின் கிடைப்பது கூழ்தான். வேண்டியது -2 முதல் +2 டிகிரி. 3 முதல் 5 சதவீத உப்பு இருப்பதால் இந்தக் குளிரில் அது உறையாது. அடிக்கடி திறந்து மூடும் ஃபிரிட்ஜின் கதவுத்தட்டு ஆகாது. அடித்தட்டின் உள்ளோரத்தில், ஓட்டைத் தட்டில் நொறுக்கிய ஐஸ் பரப்பி அதற்குள் டப்பாவைப் புதையுங்கள். உருகிய தண்ணீர் கீழே வடியட்டும். நெடும்பாசேரி (கொச்சி) விமான நிலையத்திலிருந்து மலையேறும் தெர்மோகோல் பெட்டியில் ஜெல் பேக் போதும். உலர் பனிக்கட்டியை டப்பாவோடு ஒட்டி வைத்தால், வழியிலேயே உறைந்துவிடும்.

திறந்தபின் காற்றும் எதிரி. பரிமாறியது போக மிச்சத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் படிய ஒட்டி மூடி, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். கிளறக்கூடாது, ஓரத்திலிருந்து மெதுவாக அள்ளுங்கள். வெள்ளிக் கரண்டி வேண்டாம், கேவியரில் உலோக வாடை ஏறும். கொம்பு, சிப்பிக் கரண்டி இல்லையென்றால் பிளாஸ்டிக் கரண்டியே நல்லது, பார்க்க அழகில்லை என்றாலும். எலுமிச்சையை டப்பாவில் பிழியாமல் தனியே வையுங்கள். நல்ல சரக்குக்கு அதுவும் தேவையில்லை.

வாங்கும்போது கறுப்பு நிறத்தை நம்பாதீர்கள். வேறு மீன்களின் மலிவான சினைக்குச் சாயமேற்றிக் கறுப்பாக விற்பதுண்டு. நிஜக் கேவியர் சாம்பல், பழுப்பு, பொன்னிறத்திலும் இருக்கும். பெரிய ஆரஞ்சு மணி என்றால் அது சால்மன். 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்துக்குள் இருப்பதால், லேபிளில் இனக்குறி, மூலக்குறி, நாட்டுக்குறி, ஆண்டு வரிசையாக வரும். ஹெச்.யு.எஸ். என்றால் பெலுகா ஸ்டர்ஜன், பி.ஏ.ஈ. என்றால் சைபீரிய ஸ்டர்ஜன். அடுத்து வரும் 'சி' வளர்ப்பு மீனைக் குறிக்கும். மூடியைத் திறந்தால் கிழியும்படி ஒட்டப்படுவது அந்த லேபிள். கிழிந்தோ, மேலே வேறொன்று ஒட்டியோ வந்தால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.