அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்க

சென்னை பாரிமுனை செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடைக்கு நண்பர் கூட்டிப் போகிறார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் கையாலேயே பிசைந்து வரும். 1962க்குப் பின் பர்மாவிலிருந்து ஊர் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. "என்ன, ஆறிப்போய் இருக்கு?" என்று கேட்காதீர்கள், சூடில்லாமல் சாப்பிடுவதுதான் அதன் முறை. "இதை எப்படிச் சாப்பிடணும், அண்ணா?" என்று கேளுங்கள். கடைக்காரரே வாழைத்தண்டு சூப்பையும் கூடச் சேர்த்துச் சொல்லித் தருவார்.

காரம், பூண்டு எண்ணெய் குறைக்க வேண்டுமானால் பிசைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கலந்தபின் எதையும் பிரித்தெடுக்க முடியாது, தட்டு வீணாகும். மீன், இறால், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

காசிமேட்டுப் பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது மூக்கைப் பொத்துவதுதான் ரொம்பத் தப்பு. அந்த வாசனையில்தான் அந்த வீட்டுக்காரர்கள் வளர்ந்திருப்பார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கும் இதேதான்: "இதையெல்லாமா சாப்பிடுவீங்க?" என்ற கேள்வி சாப்பாட்டை அல்ல, ஆளையே எடைபோடுகிறது.

வேண்டாமென்றால் காரணத்தை உங்கள் பக்கம் வைத்துச் சொல்லுங்கள்: "எனக்குப் பழக்கமில்லக்கா, நீங்க சாப்பிடுங்க." பொய்யாகப் புகழவும் வேண்டாம், அடுத்த முறை இரண்டு கரண்டி கூடுதலாக விழும். சுவைக்க ஆசையென்றால் ஒரு வாய் மட்டும் கேட்டு வாங்குங்கள். பிடிக்காவிட்டால், "புளிப்பு எனக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றால் போதும்.