விண்டோஸ் 11 ஏறவில்லையா? முதலில் பயாஸைப் பாருங்கள்

டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு அம்சம்) இல்லை என்று சொல்லி விண்டோஸ் 11 ஏற மறுத்தால், உடனே புது மதர்போர்டு வாங்கக் கிளம்பாதீர்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, திரை வரும் முன்பே எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போங்கள். டிபிஎம்முக்கு, இன்டெல் பிராசஸர் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பக்கத்தில். சில போர்டுகளில் கொஞ்சம் தேட வைக்கும். அது 'டிஸேபிள்டு' என்றிருந்தால் 'எனேபிள்டு' ஆக்கிச் சேமித்துவிட்டு, அப்கிரேடை மறுபடி முயன்று பாருங்கள்.

டிபிஎம் வேலையை இப்போதெல்லாம் பிராசஸருடன் வரும் ஃபர்ம்வேரே (உள்ளே பதிந்த மென்பொருள்) பார்த்துக்கொள்கிறது, தனி சிப் தேவையில்லை. ஆனால் தனியாக விற்ற பல மதர்போர்டுகள் இதை அணைத்த நிலையிலேயே வந்தன. கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்களில் இந்தத் தொல்லை அதிகம் வருவது அதனால்தான்.

பிராசஸரே பழையது என்றால் இது உதவாது. இன்டெல்லில் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறைக்குக் கீழே மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை: ஐ5-8400 தேறும், ஐ5-7400 தேறாது. அப்புறம், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் பயாஸைத் தொடும் முன் அதன் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.