ஆடும் கப்பலில் ட்ரோன் இறக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கிராஃபைக் காட்டினார். அடுத்த 8 நொடியில் கப்பல் எப்படி ஆடும் என்ற கணிப்பு சிவப்புக் கோட்டில், நிஜமாக ஆடியது நீலத்தில். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. 7 வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கிராஃபை நம்பித்தான் நானும் கடலுக்குப் போனேன்.

காற்றைப் பார், கேமராவைத் துடை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தவர்களும் விழும் குழிகளை மட்டும் சொல்கிறேன்.

இன்னும் வராத நொடியைப் பார்த்துவிடும் ஃபில்டர்

மேலே காத்திருக்கும் ட்ரோன் தளத்தைத் தொடச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் தளம் அடங்கியிருக்குமா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். கனமான கப்பல் சிற்றலைகளுக்கு அசையாமல் ஓரளவு சீரான தாளத்தில் ஆடுவதால்தான் இது முடிகிறது.

அசைவை அளக்கும் ஐஎம்யு சென்சாரின் டேட்டாவில் இன்ஜின் அதிர்வும் கலந்திருக்கும். அதை வடிக்க ஃபில்டர் போடுவோம். கரையில் உட்கார்ந்து செய்யும்போது பலரும் எடுப்பது, ஃபைலை முன்னிருந்து ஒரு தடவை, பின்னிருந்து ஒரு தடவை ஓட்டும் வகை. கோடு வழவழவென்று வரும், தாமதமே இருக்காது. ஆனால் பின்னிருந்து ஓட்டும்போது, 100-வது நொடியின் மதிப்புக்குள் 101, 102-வது நொடிகளின் ஆட்டமும் வந்து கலந்துவிடும். கேள்வித்தாளோடு விடையையும் மாடலின், அதாவது ஆட்டத்தைக் கணிக்கும் நிரலின், கையில் கொடுத்த மாதிரி.

கடலில் அடுத்த நொடி இன்னும் பிறக்கவில்லை. அங்கே ஒருவழி ஃபில்டர்தான் ஓடும், அதற்குத் தாமதம் உண்டு. நொடிக்கு 0.3 தடவையை (0.3 ஹெர்ட்ஸ்) விட வேகமான அதிர்வுகளை வெட்டும் இரண்டாம் படி பட்டர்வொர்த் என்ற பரவலான வகை ஃபில்டர், 8 நொடிக்கு ஒருமுறை வரும் ஆட்டத்தைச் சுமார் முக்கால் நொடி பின்னுக்குத் தள்ளும். முக்கால் நொடிதானே என்று விடாதீர்கள். தளம் 8 நொடிக்கு ஒருமுறை, நடுநிலையிலிருந்து ஒரு மீட்டர் ஏறி ஒரு மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். அது அடியில் போய் நின்றுவிட்டதாகத் திரை காட்டும்போது, நிஜத்தில் நொடிக்கு 0.45 மீட்டர் வேகத்தில் மேலே வந்துகொண்டிருக்கும். ட்ரோன் நொடிக்கு அரை மீட்டர் இறங்கினால், மோதும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்ட சிறு கப்பல். காற்றே இல்லை, ஆனால் எங்கோ தொலைவில் கிளம்பிய நீண்ட அலைகள் வந்துகொண்டிருந்தன. திரையில் பச்சை விளக்கு. ட்ரோன் இறங்கியது, தளம் எழும்பி வந்து அறைந்தது. கால் ஒன்று முறிந்து ட்ரோன் சாய, சுழலும் இறக்கை பெயின்ட்டைக் கீறிக்கொண்டே கைப்பிடிக் கம்பி வரை போனது. அங்கே நின்ற மாலுமி அண்ணன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டதால் தப்பினார். அப்புறம் மூன்று வாரம் மாடலைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஃபில்டரை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வடிகட்டாத மூல டேட்டாவை எடுங்கள். ஏதோ ஒரு நொடிக்குப் பிறகு வருவதையெல்லாம் பூஜ்யமாக்குங்கள். ஃபில்டர் முதல் கணிப்பு வரை எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். அந்த நொடியில் செய்த கணிப்பு ஓர் இலக்கம் மாறினாலும் எதிர்காலம் எங்கோ உள்ளே கசிகிறது என்று அர்த்தம். ஃபைல் முழுவதற்கும் சராசரி எடுத்துக் கழிப்பதும், டேட்டாவை ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளாக வெட்டிக் குலுக்கி, மாடலின் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பதும் இதே கசிவுதான். குலுக்கல் கசிவு மட்டும் இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்கு வேறொரு நாளின் டேட்டாவில்தான் மாடலைச் சோதிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணையும் பூஜ்யமாக்கிப் பார்க்கச் சொன்னேன். மாலையில் வந்தார். "கோடு நகர்ந்துடுச்சு சார். மூணு நொடிக்கு மேல தாங்கல." அந்த மூன்று நொடிதான் அவருடைய உண்மையான கணக்கு. அதிலிருந்து தொடங்கலாம்.

சென்சார் ஓரிடம், தளம் வேறிடம்

சென்சார் கப்பலின் நடுவில் இருக்கும், இறங்குதளம் பெரும்பாலும் பின்பக்கம். இடையில் 50 மீட்டர் என்றால், கப்பல் முன்பின்னாக வெறும் 2 டிகிரி சாய்ந்தாலே தளம் 1.7 மீட்டருக்கு மேல் ஏறும் அல்லது இறங்கும். நடுவில் அளந்ததை அப்படியே தளத்துக்குச் சொல்லாதீர்கள்.

கப்பல் திரும்பிய பிறகும் பழைய டேட்டா

10 நொடிக்கு ஒருமுறை எழும் அலையை 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்தில் எதிர்த்துப் போனால் அது 7.5 நொடிக்கு ஒருமுறை கப்பலைச் சந்திக்கும். திரும்பி அதன் திசையிலேயே போனால் அதே அலை சுமார் 15 நொடிக்கு ஒருமுறை. கேப்டன் சுக்கானைத் திருப்பியதும் முந்தைய நிமிடங்களின் டேட்டாவுக்கு மதிப்பில்லை. புதிதாகச் சேரும் வரை இறக்காதீர்கள்.

சராசரிப் பிழை

கணிப்பின் சராசரிப் பிழை குறைவு என்று நம்பி இறக்காதீர்கள். ட்ரோன் சராசரியில் இறங்குவதில்லை, ஒரே ஒரு நொடியில் இறங்குகிறது.

எரிபொருள் டேங்க்

டேங்க் காலியாகக் காலியாகப் பக்கவாட்டு ஆட்டத்தின் தாளம் மாறும். காலையில் மாடலில் பொருத்திய தாளக் கணக்கை மாலையில் சரிபாருங்கள்.

பேட்டரி

மறுபடி மேலேறிக் காத்திருக்கச் சார்ஜ் இல்லையென்றால், ட்ரோனைக் கிளப்பவே கிளப்பாதீர்கள்.